17 எடுத்தவளும் 27 எடுத்தவனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பெற்றோரின் அறிவுத்திறனைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை என் மகன் வெட்டி எடுத்து ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். 30க்கு 26 எடுத்தால் நலம், அதற்குக் கீழே போனால் கவனம் என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடும் போட்டிருக்கிறான். தினமும் காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டு, கடைசியில் இந்தக் கடிதத்தில் வந்து நின்றிருக்கிறது. எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது. ஏன் நான்கு நாள் என்பதும் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு 76 வயது, என் மனைவிக்கு 74. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. 1969இல் பினாங்குத் துறைமுகத்தில் டாலி கிராணியாகச் சேர்ந்தேன். கப்பலிலிருந்து தொங்காங் என்ற சரக்குப் படகில் இறங்கும் மூட்டை, பெட்டி, கட்டு எல்லாவற்றையும் எண்ணிப் புத்தகத்தில் பதிவதுதான் வேலை. நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். அவள் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கி வளர்த்து, 15 வயதில் பால் வெட்டப் போனாள். கல்யாணமாகிப் பினாங்குத் தீவுக்கு வந்த பிறகு 40 ஆண்டுகள் இடியாப்பம் அவித்து விற்றாள்.

சென்ற ஆண்டு அவள் பேரனை இரண்டு மூன்று முறை தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் மூத்த மகளுக்கு அதிலேயே பயம் வந்துவிட்டது. ஒரு கிளினிக்கில் நேரம் எடுத்து அம்மாவைக் கூட்டிப் போனாள். நான் வண்டி ஓட்டப் போனவன். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இளம் மலாய்ப் பெண், நல்ல மாதிரி. "வந்ததுதான் வந்தீர்கள், பக்சிக்கும் (மாமாவுக்கும்) செய்துவிடுங்கள்" என்று எனக்கும் ஒரு தாளை எடுத்துவிட்டார்.

நினைவும் கவனமும் குறைகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைக்குப் பெயர் மோக்கா. கனடாவில் மான்ட்ரியலில் உருவானது, 2005இல் வெளிவந்தது. பெயரைக் கேட்டதும் என் மனைவி காப்பி தரப் போகிறார்கள் என்று நினைத்தாள். மிஸ்ஸி மலாயில் கேட்க, மகள் தமிழில் சொல்ல, இவள் தமிழில் பதில் சொல்ல, மகள் மலாயில் திருப்பிச் சொன்னாள். எல்லாக் கேள்வியையும் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் விடையோடு சுற்றும், பிள்ளைகள் அம்மாவுக்கு மனப்பாடம் செய்து கொடுத்துக் கூட்டிப் போவார்கள். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன்.

"இன்று என்ன தேதி, எத்தனை ஹரிபுலான்?"

"புரட்டாசி மூணாம் சனி போய் இன்னிக்கு நாலாம் நாள்" என்றாள்.

மகள் ஒரு விநாடி தயங்கினாள். அப்புறம் மலாயில் "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டாள். புரட்டாசிச் சனி விரதம் இருக்கிறவளுக்கு அந்த மாதம் முழுவதும் சனிக்கிழமையிலிருந்துதான் கணக்கு. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், புதன்கிழமை. சரியாக இருந்தது. தாளில் பூஜ்யம். கிழமையைத் தனியாகக் கேட்டபோது புதன் என்றாள், அதற்கு ஒன்று விழுந்தது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். "எதுக்கு?" என்றாள். "சும்மாம்மா, சொல்லு." "சும்மா எவன் கழிப்பான்?" என்று கேட்டுவிட்டு 93 என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேன்: உன் கையில் 100 வெள்ளி, ஏழு வெள்ளிக்குக் கோழி வாங்கினாய், மிச்சம் எவ்வளவு? 93. ஏழு வெள்ளிக்கு மீன்? 86. காய்கறி? 79. தலை நிமிராமல் 72, 65 என்று இறங்கிக்கொண்டே போனாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். "ஏழு வெள்ளிக்கு எந்தக் கடைங்க முழுக்கோழி தர்றான்?"

ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை என்று ஒரு கேள்வி. "ரெண்டுக்கும் சக்கரம் இருக்கு" என்றாள். அதற்கும் புள்ளி இல்லை. போக்குவரத்துச் சாதனம் என்று சொன்னால்தான் உண்டு, சக்கரம் என்றால் ஏற்கக்கூடாது என்று விதியே போட்டிருக்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னது உளவியல் படிக்கும் என் பேத்தி. அவளே இன்னொன்றும் சொன்னாள். 1931, 32இல் லூரியா என்ற ரஷ்ய அறிஞர் உஸ்பெகிஸ்தானுக்குப் போய், பள்ளிக்கூடம் பார்க்காத விவசாயிகளிடம் சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை நான்கையும் காட்டி, இதில் சேராதது எது என்று கேட்டாராம். கட்டை என்று சொல்ல வேண்டும், மற்ற மூன்றும் கருவிகள். அவர்களோ எதையும் விலக்க மாட்டோம் என்றார்கள். கட்டை இல்லாவிட்டால் ரம்பத்தை வைத்து என்ன செய்வது? பொருளை வகை பிரித்துப் பெயர் சூட்டுவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். உழைக்கிறவன் அது எதற்கு உதவும் என்றுதான் பார்ப்பான். என் மனைவி உஸ்பெகிஸ்தான் பக்கம் போனதில்லை, ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் ஒத்துப்போயிருக்கும்.

பிறகு ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். அவள் பென்சிலைப் பிடித்த விதம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதுபோல, கட்டைவிரலை மேலே அழுத்தி, முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தாளைத் தன் பக்கமாகச் சீவினாள். வந்தது ஊறுகாய் மாங்காய்த் துண்டு மாதிரி ஏதோ ஒன்று. மிஸ்ஸிக்கே பாவமாகப் போய்விட்டது. பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். பட்டையை மட்டும் சீவ வேண்டும், கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. விடியாத இருட்டில், நெற்றி விளக்கில், உருண்டையான மரத்தைச் சுற்றி அந்தச் சரிவை அவள் கண்ணாலேயே பிடித்திருக்கிறாள், நூற்றுக்கணக்கான மரங்களில், நாள் தவறாமல். தட்டையான தாளில் கனசதுரம் வராததை வைத்து அவளுக்கு வடிவ அறிவு குறைவு என்று எழுதினால் அந்த மரங்களே சிரிக்கும்.

நான்? கடிகாரம் போட்டேன், கனசதுரம் போட்டேன், எழுத்தும் எண்ணும் மாற்றி மாற்றிக் கோடிழுத்தேன். 1961இல் ஆறாம் வகுப்பு முடிந்து இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதிய காலத்திலிருந்து பென்சிலும் தாளும் பார்த்தால் எனக்குக் கை தானாக ஓடும். 30க்கு 27.

அவளுக்கு 17.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு மோக்காவில் ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். ஐந்தாம் படிவம் வரை படித்த எனக்குப் பள்ளிக்கணக்கு 11 ஆண்டு. அவளுக்கு மூன்று. எனக்கும் ஒரு புள்ளி, அவளுக்கும் அதே ஒரு புள்ளி. துறைமுகத்தில் சரக்கைப் பெட்டியோடு நிறுத்தால் கிராஸ், பெட்டியின் எடை டேர், அதைக் கழித்தால்தான் உள்ளே இருக்கும் சரக்கின் நெட். அரிசிச் சாக்குக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஒரே டேர் போட்டிருந்தால் மேலதிகாரி என்னை அன்றைக்கே கப்பலிலிருந்து இறக்கியிருப்பார்.

இதோடு போயிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். அந்த 17 எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதுதான் விஷயம். ஒரு வாரத்துக்குள் மகன் கேஸ் தோம்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வாங்கி வைத்தான், அதையும் மருமகள் இல்லாதபோது தொடக்கூடாது என்றான். அவளுடைய ஏடிஎம் அட்டை மகளிடம் போனது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு அவள் இன்னும் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்த இடியாப்பமும் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "அம்மாவுக்கு 17தான்" என்று உறவுக்காரர்களிடம் ஃபோனில் அடிக்குரலில் சொல்வார்கள். அவள் காதில் விழும். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். 27 வாங்கிய எனக்கோ வீட்டில் மரியாதை கூடிவிட்டது. அப்பா ஷார்ப், அப்பாவிடம் கேளுங்கள் என்றார்கள். கார் சாவி என்னிடமே இருந்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு பாயான் பாரு சந்தைக்குக் கிளம்பினோம். ஜெலுத்தோங்கிலிருந்து கடலோர விரைவுச்சாலையில் நேரே போக வேண்டியதுதான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம், ஆயிரம் முறை போயிருக்கிறேன். குளுகோர் தாண்டும்போது நான் எதற்கோ ஒரு தடத்துக்கு மாறினேன். "ஏங்க, இது பாலத்துக்குப் போற பாதை" என்றாள் பக்கத்திலிருந்து. எனக்குத் தெரியாதா என்றேன். மோக்காவில் 27 எடுத்தவன் அல்லவா. அடுத்த நிமிடம் இரண்டு பக்கமும் கடல். பினாங்குப் பாலத்தில் ஏறிவிட்டால் திரும்ப வழி கிடையாது, 13.5 கிலோமீட்டர் போய் அக்கரையில் பிறை என்ற ஊரில்தான் இறங்க வேண்டும். வழி தவறுவது யாருக்கும் நடக்கும், சரி. நான் பயந்தது அதற்கல்ல. பாலத்தின் நடுவில், எங்கே போகக் கிளம்பினோம் என்பதே எனக்கு நினைவில் இல்லை. சந்தை என்று அவள் சொன்னாள். பிறையில் எங்கே திரும்ப வேண்டும் என்றும் அவளே சொன்னாள். தீவுக்குத் திரும்பும்போது மட்டும்தானே டோல், அந்தச் சாவடியில் கார்டைத் தேடிக்கொண்டு நான் நின்றபோது பின்னால் ஹாரன். கார்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் பேத்தியிடம் சொன்னேன்.

பேத்தி வேறொரு இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே தமிழ் பேசும் டாக்டரம்மா. முதலில் தாளையே எடுக்கவில்லை. காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா, தூக்கம் எப்படி, மனம் சோர்ந்திருக்கிறதா என்று விசாரித்தார். தைராய்டுக்கும் பி12 சத்துக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு என் மனைவியைச் சோதித்தார்கள், தமிழிலேயே. அதே மோக்காவைப் பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களுக்காக மாற்றி அமைத்த ஒரு வடிவம் 2015இலேயே வந்துவிட்டதாம். அதில் கனசதுரம் கிடையாது. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டு வைத்துக்கொண்டு 13 வெள்ளிப் பொருளுக்கு எப்படியெல்லாம் பணம் கொடுக்கலாம், மூன்று வழி சொல்லுங்கள் என்றார்கள். இவள் நாலு சொன்னாள். பத்தும் மூன்று ஒன்றும், இரண்டு ஐந்தும் மூன்று ஒன்றும், ஒரு ஐந்தும் எட்டு ஒன்றும், கடைசியாகப் பதிமூன்றும் ஒற்றை நோட்டாக. "ஆனா அப்படிக் கொடுத்தா கடைக்காரப் பையன் முகத்தைச் சுளிப்பான்" என்று சேர்த்துக்கொண்டாள். ஐந்தாவது வழி இருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்த்தேன், கிடையாது. ஒரு நிமிடத்தில் பழங்களின் பெயர் சொல்லச் சொன்னதும் துரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், டுக்கு, லங்சாட், செம்படாக், சீக்கு என்று ஆரம்பித்துப் பாலிக் பூலாவ் ஜாதிக்காய் வரைக்கும் போய்விட்டாள். டாக்டரம்மா நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள். பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது பணக் கணக்கைப் பார்ப்பது எப்படி, பொருளை வைத்த இடம் நினைவிருக்கிறதா, புதுக் கருவி ஒன்றைக் கற்றுக்கொள்ள முடிகிறதா, முன்போலவா, மோசமா என்ற மாதிரிக் கேள்விகள். ஆஸ்திரேலியாவில் ஜோர்ம் என்பவர் 1980களின் கடைசியில் உண்டாக்கிய கேள்விக்கொத்து இது, முதியவரிடம் கேட்காமல் கூட இருப்பவரிடம் கேட்பது. மின் கட்டணத்தை இரண்டு முறை கட்டியது, மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை மாத்திரையைத் திங்களன்றே விழுங்கியது, ஒரே செய்தியை ஒரே நாளில் மூன்று முறை வாசித்துக் காட்டியது எல்லாவற்றையும் அவள் தேதியோடு சொல்லியிருக்கிறாள். தமிழ்த் தேதியோடுதான். 50 ஆண்டுக்கு மேல் கூட இருப்பவள் வைத்திருக்கிற டாலி புத்தகத்தில் ஒரு கோடு விட்டுப்போகவில்லை.

விரிவான சோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டரம்மா சொன்னது இது: அம்மாவிடம் வயதுக்கு மீறிய குறை எதுவும் இப்போது இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஐயாவுக்கு வயதுக்கு மீறிய சிறு சரிவு தொடங்கியிருக்கிறது, மறதிநோய் என்று சொல்லும் அளவில் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். நிறையப் படித்தவர்களிடம் மூளையின் சேமிப்பு அதிகம் என்பதால் செலவாக ஆரம்பித்துக் கொஞ்ச காலத்துக்கு வெளியே தெரியாதாம். என் 27 அப்படிப்பட்ட 27.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வார்த்தை. அவர் ஐகியூ என்ற அறிவுத்திறன் எண்ணையும் மோக்காவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். ஐகியூ என்பதன் பூர்வீகம் பாரிஸ் பள்ளிக்கூடம். 1905இல் பினே செய்த சோதனை, பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்காக வந்தது. பிறகு ஸ்டெர்ன் என்பவர் மன வயதை உடல் வயதால் வகுக்கச் சொன்னார். அந்தக் கணக்கில் முதியவர் உட்கார்ந்தால் ஆபத்து. என் மன வயது 38 என்று வந்தால் 76ஆல் வகுத்து நூறால் பெருக்க வெறும் 50. 1939இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் வெக்ஸ்லர்தான் பெரியவர்களுக்கென்று ஒரு சோதனை செய்து, அவரவர் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார். அதில் நான் 100 எடுத்தால் என் வயதுக்காரர்களில் நடுத்தரம் என்று அர்த்தம். 25 வயதுப் பேரனும் 100 எடுப்பான், ஆனால் அவன் சரியாகச் செய்த கேள்விகள் என்னைவிடக் கூடுதலாக இருக்கும், முக்கியமாக நேரம் வைத்துச் செய்கிறவற்றில். மோக்கா அந்த ரகமே இல்லை. அது சல்லடை. எதையாவது பிடித்து நிறுத்தினால் எடுத்துப் பார் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

சரியாக அளக்க வேண்டுமானால் ஒருவருடைய பழைய அளவு கையில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அது இருக்கிறது. 1932 ஜூன் 1ஆம் தேதி 1921இல் பிறந்த 87,498 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சோதனை வைத்தார்கள். அவர்களில் உயிரோடு இருந்த சிலருக்கு ஏறக்குறைய 80 வயதில் அதே கேள்வித்தாளைத் திரும்பக் கொடுத்தார் டீரி என்ற பேராசிரியர். 11 வயதில் நன்றாகச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதிலும் நன்றாகச் செய்தார்கள். சராசரியாகப் பார்த்தால் 11 வயதில் வாங்கியதைவிடக் கூடவே வாங்கினார்கள். என் மனைவிக்கு 11 வயதில் யார் சோதனை வைத்தார்கள்? அந்த வயதில் அவள் லயத்து வாசலில் தம்பியைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய அளவு என்று எங்கேயாவது இருந்தால் அது எங்கள் தலைகளில்தான் இருக்கிறது. எங்களிடம் கேட்காமல் அவளை அளக்க முடியாது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோய்க்கான அறிகுறி காணப்பட்டது, பள்ளிக்கே போகாதவர்களிடம் இன்னும் அதிகம். அந்த ஆய்வில் வைத்த சோதனை ஆப்பிரிக்காவில் படிக்காத முதியோருக்காக உருவானது. பென்சில் கொடுக்காமல் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டச் சொல்வது. ஆக, வழி இல்லாமல் இல்லை. அம்மாவைக் கூட்டிப் போகும் பிள்ளைகள் எத்தனை வகுப்பு வரை படித்தார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், தமிழில் வைப்பார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கள், "தெரியவில்லை" என்று சுருக்காதீர்கள். நன்றாகப் பேசுகிற அப்பாவையும் கூடவே கூட்டிப் போங்கள். நீங்களும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது 26 என்ற எண்ணை அவ்வளவு கொட்டை எழுத்தில் போடாமல் இருந்தால் எங்கள் ஐஸ் பெட்டிக்கு நல்லது.

கேஸ் தோம்பு திரும்ப வந்துவிட்டது. ஏடிஎம் அட்டையும். நாலு வீட்டு இடியாப்பம் இப்போது ஆறு வீடாகியிருக்கிறது. கார் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அனுப்பும் முன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொன்னாள். இடியாப்பம் விற்றது 40 ஆண்டு இல்லை, 38. பாலத்துக்குப் போகிற பாதை என்று அவள் சொன்னது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவையாம். முதல் தடவை எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
பழைய டாலி கிராணி,
ஜெலுத்தோங், பினாங்கு.